மூன்று மணி ஆனால் நீலத் திரை

மதுரையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் அவருடைய கணினி இருக்கிறது. ஏப்ரல் பிறந்ததிலிருந்து மதியம் மூன்று மணி வாக்கில் நீலத் திரை வந்து தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. ராத்திரியில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. சர்வீஸ் கடையில் இரண்டு முறை ஃபார்மேட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை போனபோது ‘மதர்போர்டு போச்சு சார்’ என்றார்களாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் ராகு காலத்தைக் காரணம் சொல்கிறார். ராகு காலம் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் மூன்று மணிக்கு வரும். இவருடைய கணினிக்கு ஏழு நாளும் செவ்வாய் போலிருக்கிறது.

அவர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்திருக்கிறார். நீலத் திரையை மூன்று தடவை செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்றில் பிழையின் பெயர் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, இன்னொன்றில் ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’, மூன்றாவதில் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா’. மென்பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே பெயர் சொல்லித்தான் விழும். நாளுக்கொரு பெயர் சொல்கிறது என்றால் என் சந்தேகம் முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் மேல்தான் போகும்.

நீலத் திரை நோய் அல்ல. இயக்க முறைமையின் உள்மையமான கெர்னல், தன் கணக்கில் நடக்கவே முடியாத ஒன்றைப் பார்த்துவிட்டால் வேண்டுமென்றே வேலையை நிறுத்திவிடுகிறது. தொடர்ந்து ஓடினால் தப்பான தகவல் டிஸ்க்கில் எழுதப்பட்டு உங்கள் கோப்புகள் பாழாகும். அதற்கு ஒரேயடியாக நிற்பது மேல்.

சரி, அப்படி என்ன நடக்கிறது? 8 ஜிபி ரேமில் சுமார் 6,871 கோடி பிட்கள், அதாவது 1 அல்லது 0 என்று மட்டும் பதியும் இடங்கள், இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்று 1-லிருந்து 0-வாக மாறினால் போதும். எழுத்துக்கு எழுத்து எண் கொடுக்கும் யூனிகோடில் ‘க’வின் எண் 2965, ‘அ’வின் எண் 2949. வித்தியாசம் 16. இரும எண்ணில் எழுதினால் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு. நீங்கள் ‘கடை’ என்று தட்டி வைத்திருக்கிறீர்கள், அந்த ஒரு பிட் அணைந்தால் ‘அடை’ ஆகிவிடும். இது கடிதத்தில் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். புகைப்படத்தில் நடந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், கண்ணுக்கே தெரியாது. அதே பிட் கெர்னல் குறித்து வைத்திருக்கும் ஒரு நினைவக முகவரிக்குள் இருந்தால்? அது தெரு மாறி யாரோ வீட்டுக் கதவைத் தட்டும். அங்கேதான் நீலத் திரை.

அந்த ஒரு பிட் ஏன் அணைகிறது? எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

ரேமில் ஒரு பிட் என்பது ஒரு மின்தேக்கியும் ஒரு டிரான்சிஸ்டரும். மின்தேக்கி ஒரு குடம், டிரான்சிஸ்டர் அதன் குழாய். குடத்தில் தண்ணீர், அதாவது எலக்ட்ரான் மின்னூட்டம், இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வேடிக்கை என்னவென்றால் எல்லாக் குடமும் ஓட்டைக் குடம். நல்ல குடத்துக்குக்கூட மெல்லிய கசிவு உண்டு. விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் 1 எல்லாம் 0 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு 64 மில்லிசெகண்டுக்குள்ளும், அதாவது செகண்டுக்குப் பதினைந்து தடவைக்கு மேல், ஒவ்வொரு குடத்தையும் பார்த்து மறுபடி நிரப்பியாக வேண்டும். நீங்கள் கணினியைச் சும்மா விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனாலும் உள்ளே இந்தத் தண்ணீர் ஊற்றும் வேலை ஓய்வதில்லை.

அந்தப் பார்க்கிற விதம் இன்னும் அழகு. குடம் அவ்வளவு சின்னது. அதோடு இணைந்த கம்பி அதைவிட மிகப் பெரியது. முதலில் கம்பியைச் சரிபாதி மின்னழுத்தத்தில் நிறுத்துகிறார்கள். பிறகு குழாயைத் திறக்கிறார்கள். குடத்தில் இருந்த துளி கம்பியில் கலந்து, மின்னழுத்தம் ஒரு மயிரிழை ஏறும் அல்லது இறங்கும். கம்பியின் முனையில் ஒரு தராசு மாதிரி சுற்று. தங்கம் நிறுக்கும் தராசில் குன்றிமணி வைத்தால் லேசாகச் சாயும் அல்லவா, இந்தத் தராசு அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு அதே பக்கம் முழுக்கத் தள்ளிவிடும். ஆனால் படிப்பதற்காகக் குடத்தைக் கொட்டியாகிவிட்டதே? கவலை வேண்டாம். முழுக்கச் சாய்ந்த தராசே அதே கம்பி வழியாகக் குடத்தைத் திரும்ப நிரப்புகிறது. படிப்பதும் அழிப்பதும் திரும்ப எழுதுவதும் ஒரே மூச்சில்.

1966-இல் ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டுக்குத் தோன்றிய யோசனை இது. 1968-இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் செலவழித்துக்கொண்டிருந்த காலத்தில் ‘ஒழுகட்டும், நிரப்பிக்கொள்ளலாம்’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். நம் ஊரில் இதை நிதி கேட்டு எழுதியிருந்தால் ‘ஒழுகும் நினைவகத்தால் நாட்டுக்கு என்ன பயன்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் ஆய்வுக்குச் செலவிடும் நாட்டில் டென்னார்டு பிறந்திருந்தால் நல்ல வங்கி அதிகாரி ஆகியிருப்பார்.

மூன்று மணிக்கு வருவோம். சூடு ஏற ஏற கசிவும் ஏறும். ரேம் சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் 64-க்குப் பதில் 32 மில்லிசெகண்டுக்குள் நிரப்ப வேண்டும் என்று தர விதியே இருக்கிறது. தலைகீழும் உண்மை. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேமை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிரவைத்து வெளியே உருவியது. மின்சாரமே இல்லாமல் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு சதவீத பிட்கூட அழியவில்லை. உறைந்த குடத்தில் ஒழுக்கு ஏது?

வீட்டுக் கணினி ரேம் சாதாரணமாக 85 டிகிரிக்குப் போகாது. நல்ல குடங்கள் பல செகண்டுகள்கூடத் தாங்கும். தொழிற்சாலையிலேயே பலவீனமான குடங்களைக் கண்டுபிடித்து, உபரியாகச் செய்து வைத்திருக்கும் வரிசைகளை அவற்றுக்குப் பதில் இணைத்துவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் தப்பித்த அல்லது பிறகு பலவீனமான ஒரு குடம், இரவில் 64 மில்லிசெகண்டைச் சமாளித்துவிடும். கான்கிரீட் கூரையின் கீழே, தூசி அடைத்த கேபினட்டுக்குள், மதியம் அதனால் முடியாது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரும் பிட்டைப் புரட்டும். 2003-இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒற்றை பிட்டின் கைவரிசை. காஸ்மிக் கதிர்தான் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனால் சந்தேகம் அதன் மேல்தான். நம் ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இந்தக் கதிர்கள் உண்டாக்கும் துகள்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் தொட்டபெட்டாவோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் தனிப்பட்ட வருத்தம். ஆனால் காஸ்மிக் கதிர் நேரம் பார்த்து மூன்று மணிக்கு வராது. கூகுளின் கணினிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரையும் அதையே சொல்கிறது: தவறு செய்த ரேம் திரும்பத் திரும்பத் தவறு செய்கிறது. குற்றவாளி பெரும்பாலும் ரேம் பலகையில்தான் இருக்கிறான்.

அதனால் வாசகருக்கு எழுதினேன். ரேமைச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ என்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். எல்லாக் குடத்திலும் 1 ஊற்றி, 0 ஊற்றி, மாற்றி மாற்றி ஊற்றி, சிலவற்றைச் சில நிமிடம் அப்படியே விட்டுப் பார்த்துச் சோதிக்கும். எல்லோரும் ராத்திரி ஓடவிடச் சொல்வார்கள். நீங்கள் மதியம் இரண்டரைக்கு, அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி மாற்றி மாற்றிப் பாருங்கள். கழற்றும்போது தங்க முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் சர்வீஸ் பையன்கள் சொல்வது சரி, பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும். நீலத் திரையே வராமல் பொசுக்கென்று அணைந்தால் ரேமை விட்டுவிட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பிராசசர் ஃபேனையும் பாருங்கள், அது வேறு கதை.

பத்து நாள் கழித்துப் படம் அனுப்பினார். முதல் ரேமில் எதுவும் இல்லை. இரண்டாவதில், மூன்றே காலுக்கு, சிவப்பு வரிகள். எல்லா வரியிலும் ஒரே முகவரி, ஒரே பிட். இத்தனை கோடிக் குடத்தில் ஒன்றே ஒன்று. அதற்காக இரண்டு தடவை விண்டோஸ் போட்டிருக்கிறார்கள்.

அந்த ரேமை என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். வாரண்டி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், மார்கழியில் போட்டுப் பாருங்கள், ஓடினாலும் ஓடும். வருமான வரிக் கணக்கை மட்டும் அதில் போடாதீர்கள்.