கிளட்ச் சத்தம்: மிதித்தால் வருகிறதா, மிதித்தால் போகிறதா?

பழைய கார் நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியிலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. "கிளட்ச் போச்சு சார், செட்டையே மாத்திடலாம்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றி ஏற்றிய பிறகும் அதே 'கர்ர்'. பார்க்கவே வயிறெரியும் செலவு இது. ஸ்பானரைத் தொடாமல், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடலாம்.

பெடல் எந்த நிலையில் இருக்கும்போது எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்பதுதான் கணக்கு. காலை எடுத்துவிட்டு நியூட்ரலில் வைத்திருக்கும்போது பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தப் பிளேட்டின் நடுவில் செருகி, கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டான இன்புட் ஷாஃப்டும் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும்; அதோடு இணைந்த பற்சக்கரங்களும் சுற்றும். வண்டி நின்றாலும் கியர்பாக்ஸின் உள்ளே ஓட்டம் நிற்பதில்லை. கேபிள் கிளட்ச் உள்ள பழைய வண்டிகளில் இந்த நேரத்தில் ரிலீஸ் பேரிங் சும்மா இருக்கும்.

மிதித்தால் எல்லாம் தலைகீழ். ரிலீஸ் பேரிங் நகர்ந்து பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் நுனிகளை அழுத்தி, அதோடு சேர்ந்து சுற்றத் தொடங்குகிறது. இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) இருந்தால் நொடிக்குச் சுமார் 13 சுற்று. பிளேட் விடுபட்டதும் இன்புட் ஷாஃப்ட் வேகம் இழந்து நின்றுவிடும்.

ஆகவே மிதித்ததும் புதிதாக வரும் கீச்சொலிக்கு முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல். நெரிசலில் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் தேயும். மிதித்ததும் மறையும் கரகரப்புக்கோ முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ். குறிப்பாக இன்புட் ஷாஃப்ட் பேரிங். கியர் ஆயில் அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இங்கே அவசரப்படக் கூடாது. பெடலை விரலால் தொடுவதுபோல மெதுவாக அழுத்துங்கள். முதலில் கொஞ்ச தூரம் கனமே இல்லாமல் இறங்கும், அதுதான் ப்ளே. அது முடிந்து லேசாகக் கனம் தட்டும் இடத்திலேயே சத்தம் நின்றால், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கோ, அந்த பேரிங்கோ தளர்ந்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அழுத்தம் பட்டதும் அடங்கிவிட்டது. இன்னும் ஆழமாக மிதித்து, பிளேட் விடுபடும் இடத்தில்தான் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸ் பக்கம் போங்கள். காலுக்கடியில் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை.

கரகரப்பாக இல்லாமல் லேசான கலகலப்பாகக் கேட்டால் கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள சிறு ஸ்பிரிங்குகளையும் நினைக்க வேண்டும். இன்ஜினின் சுழற்சி ஒரே சீராக இருக்காது. மாருதி 800-இன் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் நொடிக்கு 20 உதைகள் கொடுக்கும். அந்த உதைகளை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் அதிர்வு பற்சக்கரங்களைத் தட்ட வைக்கும்.

சில வண்டிகளில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்க, இன்ஜின் பக்கம் ஒரு பைலட் பேரிங் இருக்கும். இன்ஜினும் ஷாஃப்டும் வேறு வேறு வேகத்தில் இருந்தால்தான் அதற்கு வேலை. எனவே முழுவதும் மிதித்த பிறகு, ஷாஃப்ட் வேகம் குறையக் குறைய அதன் சத்தம் எழும். ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னால் யாரும் இல்லாத இடத்தில், மிதித்தபடியே முதல் கியர் போட்டால் ஷாஃப்ட் உடனே நிற்கும், சத்தமும் தெளிவாகும். ரிலீஸ் பேரிங் இவ்வளவு நேரம் காத்திருக்காது. ப்ளே முடிந்ததுமே கத்தும்.

இன்ஜினை அணைத்துவிட்டு மிதித்தாலும் 'கிறீச்' என்றால் பெடல் புஷ், கேபிள் அல்லது ஃபோர்க் முனை காய்ந்திருக்கிறது. இதில் பாதி, கிரீஸிலேயே தீரும். கிளட்சை விடும்போது வண்டியே உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், இன்ஜின் மவுண்ட் போயிருக்கலாம். கிளட்ச் ஸ்லிப் ஆகி (இன்ஜின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறாமல்), உலோகம் உரசும் சத்தமும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்: தேய்ந்த பிளேட்டின் ரிவெட்டுகள் ஃப்ளைவீலைக் கீறிக்கொண்டிருக்கலாம்.

கியர்பாக்ஸ் இறங்கும் நாளில் கூடவே நில்லுங்கள். ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு விரலுக்கே தெரியும். இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்ஜின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது என்பதால், சந்தேகமுள்ள பேரிங்கை அன்றே மாற்றச் சொல்லிவிடுங்கள்.