சுக்கான் இல்லாமல் திரும்பி வரும் பலூன்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஆல்புகெர்க்கி நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒன்பது நாள் பலூன் விழா நடக்கிறது. விடியற்காலையில் விழாத் திடலிலிருந்து கிளம்பிய பலூன்களில் சில, வானில் உலவிவிட்டு அதே திடலுக்கு அருகிலேயே வந்து இறங்குவதை அங்கே பார்க்கலாம். வெப்பக்காற்று பலூனுக்குச் சுக்கானும் கிடையாது, முன்னே தள்ளும் இயந்திரமும் கிடையாது. காற்று போகும் திசையில்தான் அதுவும் போகும். 1972-இல் ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு தொடங்கிய இவ்விழாவில் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலூன்கள் கூடுவதற்கு, அந்த ஊர்க் காற்றின் ஒரு விநோதமும் காரணம்.

பைலட்டால் செய்யக்கூடியது ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், 5 டிகிரி செல்சியஸ் குளிருள்ள ஒரு காலையில், ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.05 கிலோ. அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால், விரிந்து லேசாகி, ஒரு கன மீட்டருக்கு 0.79 கிலோதான் தேறும். வித்தியாசம் வெறும் 260 கிராம். ஆனால் 2,200 கன மீட்டர் கொள்ளளவுள்ள நைலான் பைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 570 கிலோவைத் தூக்கும் விசை கிடைத்துவிடுகிறது. துணி, கூடை, பர்னர், புரொப்பேன் சிலிண்டர்கள் ஆகியவற்றின் எடை போக, மூன்று நான்கு பேருக்கு இடமிருக்கும்.

பலரும் யோசிக்காத ஒன்று, பைக்குள் இருக்கும் அந்தச் சூடான காற்றே 1,700 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பது. ஆகவே, பார்க்கப் பஞ்சுபோல மிதந்தாலும் பலூன் உண்மையில் இரண்டு டன் பொருள். பர்னரை இப்போது இயக்கினால் பலன் பல நொடிகள் கழித்தே தெரியும். பொறுமையிழந்து மறுபடியும் இயக்குகிற புதியவர், நினைத்த உயரத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

இனிக் காற்றுக்கு வருவோம். மேகமற்ற இரவில் தரை வேகமாகக் குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, ரியோ கிராண்டே ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் சரிவில் ஆற்றைப் போலவே தெற்கு நோக்கி வழிகிறது. அதற்குச் சில நூறு மீட்டர் மேலே, பல நாட்களில், காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசுகிறது. கிழக்கே நிற்கும் சாண்டியா மலைத்தொடர் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறது. கிளம்பியதும் தாழப் பறந்து தெற்கே போய், மேலேறி வடக்கே திரும்பி, திடலைச் சற்றுத் தாண்டியதும் இறங்கிக் கீழ்க்காற்றைப் பிடித்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இதற்கு அங்கே ‘ஆல்புகெர்க்கி பெட்டி’ என்று பெயர்.

அடுக்கு மாறுமிடம் கண்ணுக்குத் தெரியாது. காற்றோடு சேர்ந்தே போவதால் கூடைக்குள் இருப்பவருக்குக் காற்று வீசுவதே தெரியாது. அடுக்கைக் கடக்கும் சில நொடிகளில் மட்டும் கன்னத்தில் குளிர்ச்சி படும், பையின் ஒரு பக்கம் லேசாக உள்வாங்கும். கீழடுக்கின் போக்கை அறிய, கூடை விளிம்பில் குனிந்து எச்சிலைத் துப்பி, அது எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்க்கும் பைலட்டுகளும் உண்டு. நாகரிகம் குறைவுதான், ஆனால் நம்பகமான கருவி. சூரியோதயத்துக்கு முன்பே மேலேறும் ஒரு சிறு பலூன் குழுவும் உண்டு. இவ்வழக்கம் 1978-இல் தொடங்கியது. அவர்கள் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதைப் பார்த்து, தரையிலிருப்பவர்கள் தங்கள் பயணத்தைத் திட்டமிடுகிறார்கள்.

வெயில் ஏறியதும் தரை சூடாகி, கீழ்க்காற்று குமிழிகளாக மேலெழுந்து இரண்டு அடுக்குகளையும் கலக்கிவிடுகிறது. விமான சாகசங்களையும் பலூன்களையும் ஒரே நாளில் காட்டும் விழாக்களில், பலூன்களுக்கு விடியலையோ அந்தியையோ ஒதுக்கிவிட்டு, பகலை விமானங்களுக்கு விட்டுவிடுவது இதனால்தான். ஆல்புகெர்க்கியிலும் பெட்டி கலைவதற்குள் பலூன்கள் தரையைத் தொட்டுவிட வேண்டும். உச்சியிலுள்ள துணி மூடியைக் கயிற்றால் இழுத்துத் திறந்ததும், சூடான காற்று வெளியேறி, பை மெல்லச் சாய்ந்து புல்லில் படுக்கிறது.