கத்திக் காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன நடக்கும்: எம்.எல்.இ.எஃப், ஜே.எம்.ஓ விஷயம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில எங்கட லேன்ல ஒரு தம்பி, அண்ணன்காரனோட வாய்த்தர்க்கம், ஈரப்பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்த கத்தி, இவன் பறிக்கப் போனானா அவன் ஓங்கினானா எண்டு இண்டைக்கும் ரெண்டு பேருக்கும் சரியாச் சொல்லத் தெரியாது, உள்ளங்கை குறுக்கால கிழிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் வரும் எண்ட பயத்தில மஞ்சள்தூள அப்பி பழந்துணியால கட்டிக்கொண்டு விடியும் மட்டும் இருந்திருக்கிறான். காலையில நான் போய்ப் பார்க்கேக்க சின்னவிரல் மடங்கேல்ல, உள்ள விரல மடக்கிற தசைநாண் அறுந்திருக்கு.

வைத்தியம் பார்க்க பொலிஸ் துண்டு ஒண்டும் தேவையில்ல. பெரியாஸ்பத்திரி (கொழும்பு தேசிய வைத்தியசாலை) எக்சிடென்ட் சேர்விஸோ களுபோவில ஆஸ்பத்திரியோ, முதல்ல ரத்தத்த நிப்பாட்டி, தேவையெண்டா ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டு, பிறகுதான் மற்றக் கதை. காசும் இல்ல. வாகனம் இல்லாட்டி 1990 அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸும் இலவசம். கத்தி உடம்புக்குள்ள நிண்டா இழுக்கவே வேண்டாம், அசையாம சுத்திவரத் துணி வச்சுக் கொண்டு போங்க.

கத்திக் காயம் எண்டா ஆஸ்பத்திரியில இருக்கிற பொலிஸ் போஸ்ட்டுக்குத் தகவல் போகும். அங்க இருந்து வாறதுதான் எம்.எல்.இ.எஃப் எண்ட சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம். முதல் பகுதிய பொலிஸ் நிரப்பும், அடுத்தத டொக்டர் நிரப்புவார், பெரிய ஆஸ்பத்திரியள்ல அது சட்ட வைத்திய அதிகாரி, அதுதான் ஜே.எம்.ஓ. உங்கட சம்மதத்தக் கேட்டுத்தான் பரிசோதிப்பார். வெட்டா குத்தா, எந்த இடம், எவ்வளவு நீளம், மது மணக்குதா எல்லாம் எழுதுவார். சாதாரண காயமா கடுங்காயமா எண்டும் குறிப்பார், அது தண்டனைச் சட்டக்கோவை 311ஆம் பிரிவப் பார்த்துச் சொல்றது. எலும்பு வெட்டுப்பட்டாலோ, முகத்தில மாறாத தழும்பு வந்தாலோ, 20 நாள் வழமையான வேலை செய்ய ஏலாமப் போனாலோ கடுங்காயம்.

ஆனா வேணுமெண்டு செய்ததா தவறிப் பட்டதா எண்டு தீர்ப்புச் சொல்றது கோர்ட், டொக்டர் இல்ல. நீங்க சொல்ற கதையும் காயமும் பொருந்துதா எண்டதுதான் அவர் பார்ப்பார். கத்தி அலகப் பிடிச்சுத் தடுத்தவனுக்கு உள்ளங்கையிலயும் விரல் மடிப்பிலயும் வெட்டு இருக்கும், தானே வெட்டினதெண்டா அநேகமா மணிக்கட்டில பக்கம் பக்கமா மேலோட்டமான கோடுகள். அதால அண்ணனக் காப்பாத்துறன் எண்டு "போத்தல் கிழிச்சது" எண்டு கதை கட்டினா மாட்டுறது நீங்கதான், பிறகு சொல்ற உண்மையையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எப்பிடிப் பட்டதெண்டு விளங்கேல்ல எண்டா அதையே சொல்லுங்க, உங்கட வாயால வந்த மாதிரியே எழுதச் சொல்லிக் கேளுங்க.

தானே வெட்டிக்கொண்ட ஆக்களுக்கு ஒண்டு கட்டாயம் சொல்லணும். தற்கொலை முயற்சி இலங்கையில குற்றமில்ல, அந்தச் சட்டத்த 1998லயே எடுத்திட்டாங்க. ஜெயிலுக்குப் போகணுமோ எண்டு பயந்து மறைக்க வேண்டாம், டொக்டரோட தனியக் கதைக்கக் கேளுங்க. இரவு பகல் எந்நேரமும் 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம்.

வாக்குமூலம் கொடுக்கேக்க தமிழ்ல எழுதச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, தமிழும் அரசகரும மொழிதான். எங்கட தம்பிக்கு சிங்களத்தில எழுதி நீட்டினாங்க, கை நோவில வாசிச்சும் பார்க்காம மற்றக் கையால கிறுக்கிக் கொடுத்திட்டான், பிறகு பார்த்தா "அண்ணன் வெட்டினார்" எண்டு இருக்கு, அவன் அப்பிடிச் சொல்லவே இல்ல. அதத் திருத்த திரும்பவும் போய் இன்னொரு வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தது. வாசிச்சுக் காட்டச் சொல்லி, விளங்கினாப் பிறகுதான் கையெழுத்து வைங்க.

ரத்தம் பட்ட உடுப்பக் கழுவாதீங்க, காயவிட்டு கடதாசிப் பையில போடுங்க, பிளாஸ்டிக் ஷொப்பிங் பேக்ல போட்டா பூஞ்சணம் பிடிக்கும். தையல் போட்டாப் பிறகு ஜே.எம்.ஓக்குத் தெரியிறது தையல் மட்டும்தான், உள்ள என்ன அறுந்திருந்ததெண்டதுக்கு வார்ட் டிக்கெட்டில (வார்ட்ல உங்கட வைத்தியக் குறிப்பு எழுதுற தாள்) எழுதினதத்தான் அவரும் பார்க்கணும், அதால தைக்க முதல் வடிவா எழுதிப்போட்டு தைங்க எண்டு டொக்டரிட்டத் தயங்காமக் கேளுங்க. முழு அறிக்கை பிறகு கோர்ட்டுக்குப் போகும். உங்கட கைக்கு வாறது டயக்னோசிஸ் கார்ட், அதாவது என்ன காயம், என்ன வைத்தியம் எண்டு எழுதின அட்டை, துண்டு வெட்டி வீட்ட அனுப்பேக்க வாங்க மறக்க வேண்டாம். தம்பி இப்ப பிசியோதெரபிக்குப் போறான், அங்கயும் முதல்ல அந்தக் கார்டத்தான் கேட்டாங்க.