தொழிலுக்கு 50 சிசி செயின்சா வாங்கும் முன்

மரம் அறுத்துப் பிழைக்கிறவர்கள் புது மெஷின் எடுக்க நினைத்தால் பட்டறையில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை சிசி எடுக்கலாம்?" அடுத்தது, "இருபத்திரண்டு இன்ச் பார் போட்டுக்கலாமா?" சிசி என்பது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு, பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. அந்த மெஷினை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகும் கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எடை, அதிர்வு, பிரேக், ஸ்பேர் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் சிசிக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தப்பான மெஷினுக்கான விலையை அறுப்பவரின் உடம்புதான் கொடுக்கிறது.

நம் பக்கம் தினப்படி வேலை என்றால் தென்னை, சவுக்கு, தைலமரம், சீமைக்கருவேலம். தென்னை பெரும்பாலும் ஓர் அடி விட்டத்துக்குள் முடிந்துவிடும். பதினாறு இன்ச் பார் என்றால் 40 செ.மீ.; இதற்குத் தாராளம். கொஞ்சம் பருத்த மரமென்றால் இரண்டு பக்கமும் அறுத்துச் சேர்க்கலாம். இந்த வேலைக்கு 50 சிசி வகுப்புதான் பொருத்தம். பழைய புளியமரம், ஆலமரம் மாதிரி வேலை எப்போதாவது வந்தால் அதற்குப் பெரிய மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எப்போதோ வரும் ஒரு புளியமரத்துக்காகத் தினமும் ஏழு கிலோவைத் தூக்கக் கூடாது.

நீளமான பார் போட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. முன்பக்கம் எடை கூடி இடுப்பை இழுக்கும். எஞ்சின் திணறும். பாரின் நுனிவரை ஆயில் போய்ச் சேராமல் செயின் காயும். 50 சிசிக்கு 16, மிஞ்சினால் 18 இன்ச். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, சிசிக்கு வருவோம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டில் எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. அது தோட்டக்காரருக்கான மெஷின். எம்எஸ் 261 என்பது 50.2 சிசி, 3 கிலோவாட், 4.9 கிலோ. அது தொழில்காரருக்கானது. சிசியில் ஐந்துகூட வித்தியாசமில்லை, எடையில் 300 கிராம்தான் கூடுதல், ஆனால் சக்தி 30 சதவீதம் அதிகம். ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி மார்க் 2 இதே வகுப்புதான்: 50.1 சிசி, 3 கிலோவாட், 5.3 கிலோ. எக்கோவிலும் சிஎஸ்-501பி என்று ஒன்று உண்டு. இவற்றில் மெக்னீசியம் கிரான்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு), எளிதில் கழற்றிச் சுத்தம் செய்யும் ஏர் ஃபில்டர் என்று நாள் முழுக்க ஓடுவதற்கான கட்டமைப்பு இருக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ஸ்டிக்கரில் 58 சிசி, 62 சிசி என்று போட்டு மலிவாக விற்கும் மெஷின்களை நம்பி ஏமாறாதீர்கள். கணக்கு எளிது. சிலிண்டர் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் சிசி வந்துவிடும். எம்எஸ் 261-க்கு விட்டம் 44.7 மி.மீ., ஸ்ட்ரோக் 32 மி.மீ.; போட்டுப் பாருங்கள், 50.2 சரியாக வரும். விட்டமும் ஸ்ட்ரோக்கும் கேட்டால் சொல்லத் தெரியாத கடையில் அந்த மெஷினை எடுக்க வேண்டாம்.

அடுத்தது அதிர்வு. இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். வருடக்கணக்கில் அதிர்கிற கைப்பிடியைப் பிடித்தவர்களுக்கு விரல் நுனியில் ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போகும். முதலில் ராத்திரியில் கை மரத்துப்போகும், ஊசி குத்துவது போலிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் வேலை செய்கிறவர்களுக்குக் காலையில் விரல் வெளுத்துப்போவது கண்ணுக்கே தெரியும். சமவெளியில் வெயில் அதை மறைத்துவிடும், ஆனால் பாதிப்பு உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். முற்றிவிட்டால் சட்டைப் பொத்தான் போடக்கூடக் கஷ்டப்படுவார்கள். முழுசாகக் குணமாவது அரிது.

ஐரோப்பிய நாடுகளில் இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். அதிர்வை மீட்டர்/நொடி² என்ற அலகில் அளக்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக அது 2.5-ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. எம்எஸ் 261-இன் அளவு 3.5 அளவில் இருக்கிறது. அதை வைத்து நான்கு மணி நேரம் அறுத்தால் முதல் எல்லையைத் தொடுவீர்கள். அதிர்வு 7 உள்ள மெஷின் என்றால் ஒரே மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிடும். அதிர்வு இரண்டு மடங்கானால் பாதுகாப்பான நேரம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்த எண் கையேட்டில் இருக்கும், முன்பிடிக்கும் பின்பிடிக்கும் தனித்தனியாக. வாங்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எண்ணே இல்லாத கையேடு வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய செயின் இந்த அதிர்வை இன்னும் கூட்டும். தூள் மாவு மாதிரி விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது, சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது.

தென்னை அறுப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. தென்னையின் வெளிப்பக்கம் இறுகியது, உள்ளே மெத்து, கட்டையில் மணல்சத்தான சிலிக்காவும் உண்டு. செயின் சீக்கிரம் மழுங்கும். 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்த தென்னைகளை அறுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கையில் உருட்டு அரம் இல்லாமல் தோப்புக்குள் இறங்காதீர்கள். .325 இன்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மி.மீ. அரம். கைக்குக் கிடைத்த அரத்தால் தேய்த்தால் பல்லின் கோணமே மாறிவிடும். கூடவே இரண்டு செயின் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். பாரின் நுனியில் மேல் கால்பகுதி கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளி எழும். கண் இமைக்கும் நேரத்தில் நடப்பது அது, கையால் தடுக்க முடியாது. அதற்காகத்தான் செயின் பிரேக். கை பட்டாலும் விழ வேண்டும், துள்ளலின் வேகத்திலேயே தானாகவும் விழ வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை விடுவித்து, பின்பிடியை மட்டும் பிடித்தபடி நுனியை ஒரு கட்டையின்மேல் விழவிட்டுப் பாருங்கள். பிரேக் தானாக மாட்ட வேண்டும். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனை இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. பிரேக் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பெட்ரோலும் இப்போது மெஷின் தேர்வில் சேர்ந்துவிட்டது. நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. கையால் டியூன் செய்யும் கார்புரேட்டர் உள்ள பல மாடல்களுக்குக் கம்பெனிகள் அனுமதிப்பது 10 சதவீதம். எத்தனால் கூடினால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும், கார்புரேட்டரில் உள்ள ரப்பர் சவ்வு கெடும், ஈரத்தை இழுத்துத் தண்ணீர் அடியில் தங்கும். கடைசியில் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். ஸ்டிலின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் போன்ற மின்னணுக் கார்புரேட்டர்கள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் எத்தனால் எத்தனை சதவீதம் வரை ஆகும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, அந்தக் கையேட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன மெஷின்களுக்கு லிட்டருக்கு 20 மி.லி. நல்ல டூ-டி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்) ஆயிலை அளந்து கலக்குங்கள், வேலைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓட்டி வையுங்கள். செயினுக்கு வண்டியிலிருந்து எடுத்த கறுப்பு ஆயிலை ஊற்றாதீர்கள். பம்ப் அடைக்கும் என்பது ஒருபக்கம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் அதில் இருக்கின்றன, அது தெறிப்பது உங்கள் உடம்பின்மேல்.

லுங்கியும் ரப்பர் செருப்புமாக அறுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். மெஷினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தொடைக்காப்புக்கும் காதுமூடி ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் ஒதுக்கிவிடுங்கள். காப்பில் வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயினை வைத்துச் சோதித்தது என்று அர்த்தம். பணம் போதவில்லை என்றால் ஒரு படி கீழே உள்ள மெஷினை எடுங்கள், காப்பைக் குறைக்காதீர்கள்.

ஸ்பேர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செயின், ஸ்ப்ராக்கெட், கிளட்ச், கார்புரேட்டர் கிட் கிடைக்கும் கம்பெனிதான் உங்களுக்கு நல்ல கம்பெனி. அசல் மாதிரியே நிறம் போட்ட போலிகளும் சந்தையில் உண்டு. அதனால் சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் எடுக்காதீர்கள்.

கடையிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சூடேற விடுங்கள். ஐட்லில் செயின் அசையாமல் நிற்க வேண்டும். பாரின் நுனியை ஓர் அட்டைக்கு நேராகக் காட்டி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். அணைத்துவிட்டுச் சூட்டிலேயே மறுபடி இழுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று இழுப்பில் பிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து, பெட்ரோலும் ஆயிலும் நிரம்பிய நிலையில், இடுப்பு உயரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து பாருங்கள். கையேட்டில் போட்டிருக்கும் எடையில் பாரும் செயினும் எரிபொருளும் சேராது.