எவ்வளவில் எவ்வளவு?

கிளினிக்கிலும் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் உதவியாளராக வேலைக்குச் சேரப்போகும் பிள்ளைகளுக்கு மருந்துக் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வேலை. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடற்கரை ஓரத்து ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள். முதல் நாள் மேசையில் இரண்டு பாட்டில் வைப்பேன். இரண்டுமே பாராசிட்டமால், குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. ஒன்று சொட்டுக்குழாயோடு வரும் 15 மில்லி பாட்டில், இன்னொன்று 60 மில்லி சிரப். எதில் மருந்து அதிகம் என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் பெரிய பாட்டிலைத்தான் காட்டுவார்கள்.

லேபிளைப் படிக்கச் சொல்வேன். சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம். இப்போது பெருக்கிப் பாருங்கள். 15 பெருக்கல் 100, ஆக 1500. அறுபதில் பன்னிரண்டு ஐந்து இருக்கிறது, 12 பெருக்கல் 125, அதுவும் 1500. இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு மருந்து! சின்னதில் குறுக்கி வைத்திருக்கிறார்கள், பெரியதில் விரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது விளையாட்டுக் கணக்கு இல்லை. பாராசிட்டமால் குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை. 10 கிலோ குழந்தை என்றால் 100 முதல் 150. டாக்டர் 125 மில்லிகிராம் எழுதுகிறார். சிரப்பில் அது 5 மில்லிலிட்டர், சொட்டு மருந்தில் ஒண்ணேகால் மில்லிலிட்டர். வீட்டில் அம்மா இல்லாத நேரத்தில் பாட்டி "போன தடவை ஒரு ஸ்பூன் கொடுத்தோமே" என்று நினைத்துக்கொண்டு சொட்டு பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. பெரியவர்கள் சாப்பிடும் ஒரு முழு மாத்திரை அது. காய்ச்சல் விடவில்லை என்று அதையே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துக்கொண்டிருந்தால் கல்லீரல்தான் அடி வாங்கும். பாட்டிமேல் தப்பே இல்லை, பாட்டில் மாறியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய ஆள் மருந்தை எடுத்துக் கையில் கொடுத்த உதவியாளர்.

இதில் நம் பேச்சும் ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறது. நாம் எல்லாவற்றையும் "மில்லி" என்று முடித்துவிடுகிறோம். மில்லிகிராம் மருந்தின் எடை, மில்லிலிட்டர் அது கரைந்திருக்கும் தண்ணீரின் அளவு. "அஞ்சு மில்லி குடு" என்றால் எது? என் வகுப்பில் வெறும் மில்லி என்று யாரும் சொல்லக்கூடாது, முழுப்பெயர் வாயில் வந்தே ஆக வேண்டும். பாட்டிலின் கொள்ளளவைச் சொல்லும்போது எனக்கே நழுவிவிடுகிறது, மேலே பார்த்திருப்பீர்கள், ஆனால் டோஸ் சொல்லும்போது விடமாட்டேன்.

சரி, கணக்கு எப்படிப் போடுவது? பள்ளிக்கூடத்தில் கணக்கைக் கண்டு பயந்த பிள்ளைகள்கூட ஏலக் கூடத்தில் நொடியில் விலை சொல்வார்கள். இறால் கிலோ 400 ரூபாய், என் கையில் 100 ரூபாய் இருக்கிறது, எவ்வளவு கிடைக்கும்? கால் கிலோ. யாரும் சூத்திரம் தேடவில்லை. மருந்துக் கணக்கும் இதேதான். எனக்கு எவ்வளவு வேண்டும், இந்த பாட்டிலில் எவ்வளவில் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் போதும். 200 மில்லிகிராம் வேண்டும், 5 மில்லிலிட்டரில் 125 இருக்கிறது, அப்படியானால் 1 மில்லிலிட்டரில் 25, இருநூறை இருபத்தைந்தால் வகுத்தால் 8 மில்லிலிட்டர். பிள்ளைகள் தடுமாறுவது வகுத்தலில் இல்லை. லேபிளில் எந்த எண்ணை எடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். பெரிய எழுத்தில் 60 என்று போட்டிருக்கும், அது பாட்டிலின் கொள்ளளவு, அதற்கும் டோஸுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்சுலினுக்குத்தான் நான் இரண்டு நாள் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் நம் கடற்கரைக்கு என்றே ஒரு தனி ஆபத்து அதில் இருக்கிறது. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் போடும் இன்சுலின் 100 யூனிட். வளைகுடா நாடுகளில் குப்பியே 100 யூனிட்தான். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், ஊருக்கு வரும்போது அத்தாவுக்கு என்று அங்கிருந்து இன்சுலின் வாங்கி வருகிறார்கள், அன்போடுதான் வாங்கி வருகிறார்கள். வீட்டில் இருக்கும் ஊசியோ சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் ஊசி. அதில் 20 என்ற கோடுவரை இழுத்தால் அரை மில்லிலிட்டர். 40 யூனிட் மருந்தாக இருந்தால் அது 20 யூனிட், சரியான அளவு. 100 யூனிட் மருந்தாக இருந்தால் அதே அரை மில்லிலிட்டரில் 50 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும், உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ராத்திரித் தூக்கத்தில் இது நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகலாம்.

தலைகீழாகவும் நடக்கும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் ஊசியில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டுவார், மறுபடியும் கூட்டுவார், பிறகு ஒரு நாள் யாரோ சரியான ஊசியை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், அன்றைக்குத்தான் நிஜமான விபத்து. அதனால் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று கேட்பதற்கு முன்னால் "ஊசியையும் குப்பியையும் எடுத்துட்டு வாங்கம்மா" என்று சொல்லிப் பழக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

சதவீதம் என்றால் பிள்ளைகளுக்குக் கசப்பு. வாலிநோக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும் நான் அதை உப்பளத்திலிருந்து தொடங்குவேன். பாத்தித் தண்ணீரில் அடர்த்திமானியை மிதக்கவிட்டு அடர்த்தி எத்தனை டிகிரி என்று பார்ப்பதை அவர்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார்கள், கடல் தண்ணீர் காய்ந்து காய்ந்து 25 டிகிரியை ஒட்டி வரும்போது உப்பு படியத் தொடங்கும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அளவு தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதுதான் அங்கேயும் கேள்வி. மருந்தில் சதவீதம் என்றால் 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் என்று பொருள். சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்றால் 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் உப்பு, லிட்டருக்கு 9 கிராம். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம், கிட்டத்தட்ட நாலு மடங்கு. நம் ரத்தத்தின் அடர்த்தியோடு ஒத்துப்போகிற தண்ணீர் சலைன், அதனால்தான் அதை நேராக நரம்பில் ஏற்ற முடிகிறது.

இந்த இடத்தில் ஒரு தப்பு அடிக்கடி வரும். மரப்பு ஊசி லிக்னோகைன் 2 சதவீதம் என்றால் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று எழுதிவிடுவார்கள். 100 மில்லிலிட்டரில் 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம், அப்படியானால் ஒரு மில்லிலிட்டரில் 20. சதவீத எண்ணைப் பத்தால் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். இதை மனப்பாடம் செய்வதைவிட ஒரு தடவை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பாக்கெட்டும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவில் ஒரு பாக்கெட் 20.5 கிராம், அதை முழு 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். குழந்தை அவ்வளவு குடிக்காது என்று பாக்கெட்டை அப்படியே ஒரு டம்ளரில் கொட்டுகிறவர்கள் உண்டு. 200 மில்லிலிட்டர் டம்ளர் என்றால் ஐந்து மடங்கு அடர்த்தி, கடல் தண்ணீரை எட்டிப் பிடிக்கிற அடர்த்தி அது, பேதியாகிற குழந்தையின் குடலுக்குள் உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுத்துவிடும். 200 மில்லிலிட்டருக்கென்றே சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது, எது எதற்கு என்பது பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். அப்புறம் நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதில் கரைத்தால் உப்பு அளவு அப்போதே தப்பிவிடும். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

டிரிப் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சாதாரண செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர், அந்த எண் செட்டின் உறையிலேயே இருக்கும். 500 மில்லிலிட்டர் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. குழந்தைகளுக்குப் போடும் நுண்சொட்டு செட்டில் 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர், அதில் மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

எல்லா மருந்தும் எடைக்குத் தகுந்தபடி குறையும் என்று பழகிய பிறகு பாம்புக்கடி ஊசியைச் சொல்வேன், பிள்ளைகள் முகம் மாறும். அதில் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, முதலில் பொதுவாக 8 முதல் 10 குப்பி. ஏன்? அந்த மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை. பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. எடையால் பெருக்கும் முன்னால் இந்த மருந்து எதோடு வேலை செய்கிறது என்று ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் நாட்டில் கிடைக்கும் அந்த ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்துக்கு உரியது. வலையில் சிக்கிவரும் கடல் பாம்பு அந்த நாலில் சேராது. அதனால் கடித்தது கடலிலா கரையிலா என்று முதலில் கேட்டு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எழுதும்போது புள்ளி விஷயத்தில் நான் கண்டிப்பு. அரை மில்லிகிராமை 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுத வேண்டும், வெறும் புள்ளி போட்டு 5 என்று எழுதினால் புள்ளி மங்கிப்போய் ஐந்தாகிவிடும், பத்து மடங்கு. ஐந்தை 5.0 என்று எழுதினால் ஐம்பதாகத் தெரியும். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும், ஆயிரம் மைக்ரோகிராம்தான் ஒரு மில்லிகிராம், அதைச் சுருக்கி எழுதவே வேண்டாம்.

சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் கணக்கு, மருந்து ரத்தத்தில் குறைந்து வரும்போது அடுத்தது போய்ச் சேர வேண்டும். நோன்பு மாதத்தில் இந்த இடைவெளி மாறுகிறது, அதற்கு நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு அளவையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ராமேஸ்வரத்து விசைப்படகில் காலையில் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகிறவருக்கு இரவு என்பது வலை இழுக்கிற நேரம், காலை என்பது மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் படுக்கிற நேரம். "ராத்திரி சாப்பிட்டுப் போட்டுக்குங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினால் அவர் எந்த ராத்திரியை எடுத்துக்கொள்வார்? நான் பிள்ளைகளிடம் கடிகார நேரத்தைச் சொல்லச் சொல்கிறேன். கடலுக்குப் போகிற அன்று காலை 7 மணிக்கு வீட்டில் ஒன்று, சாயங்காலம் 7 மணிக்குப் படகில் சாப்பாட்டோடு ஒன்று. இரண்டாவது மாத்திரையை அட்டையோடு வெட்டி, நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சோற்றுத் தூக்கில் வைத்துவிடுங்கள் என்று கூட வந்த அக்காவிடம் சொல்லி அனுப்புவோம்.