ஹோட்டல் சமையலறையில் கேஸ்: எந்த சிலிண்டர், எத்தனை, எங்கே?

மெஸ், டீக்கடை, பரோட்டா கடை எதுவானாலும், சமைத்து விற்பவருக்கு முதல் விதி இது: 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்து எரிக்கக் கூடாது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955ன் கீழ் 2000இல் வந்த எல்.பி.ஜி. வழங்கல் ஒழுங்குமுறை ஆணை அதைத் தடை செய்கிறது. பிடிபட்டால் சிலிண்டர் பறிமுதல் ஆகும். அந்தச் சட்டத்தில் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு. கடைக்கு உரியவை 19 கிலோ, 47.5 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்கள்.

அடுத்தது இருப்பு. எரிவாயு சிலிண்டர் விதிகள், 2016ன்படி ஒரே இடத்தில் 100 கிலோ எல்.பி.ஜி. வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இரும்பின் எடை இதில் சேராது, உள்ளே இருக்கும் கேஸின் எடைதான் கணக்கு. 19 கிலோவில் ஐந்து வைத்தால் 95, சரி. ஆறாவது வந்தால் 114. அப்புறம் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசின் பெசோ (PESO) அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். தீபாவளி ஆர்டருக்கு 'எக்ஸ்ட்ரா ரெண்டு இருக்கட்டும்' என்று இறக்கும்போதுதான் பல கடைகள் தெரியாமலே இந்த வரம்பைத் தாண்டுகின்றன.

காற்றோட்டத்தையும் விதி விட்டுவைக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான 2011 ஒழுங்குமுறைகளின் 4ஆம் அட்டவணை, சமையலறையில் இயற்கையாகவோ மின்விசிறி மூலமாகவோ போதுமான காற்றோட்டம் இருக்க வேண்டும் என்கிறது. உடனே எல்லோரும் கூரையை ஒட்டி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். புகைக்கும் சூட்டுக்கும் அது போதும். கசிந்த கேஸுக்குப் போதாது. எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது. தரையோடு பரவி மூலையிலும் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆகவே தரை மட்டத்தில், வெளிப்பக்கம் திறக்கும் துவாரம் வேண்டும். எலி வருகிறது என்று அதைச் சிமென்ட் வைத்து அடைப்பதை விட, கம்பி வலை அடிப்பது நல்லது. சிலிண்டரை நிலத்தடி அறையிலோ சாக்கடை வாயருகிலோ வைக்கவே கூடாது. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு: லேசானது, மேலே தேங்கும்.

வாடை வந்தால் அந்த எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள். சுவிட்சின் சிறு பொறியே போதும். ஓடுவதை அணைப்பதும் அதே ஆபத்துதான். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றிய பிறகு வெளியே நின்று கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு அழைக்க வேண்டும்.

மாஸ்டர்கள் கையாளும் ஒரு வித்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பர்னர் ஓடும்போது சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி படியும், தீ குறையும். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகும் வேகத்தை அடுப்பு மிஞ்சிவிட்டது என்பதுதான் காரணம். உடனே வெந்நீர் ஊற்றுவார்கள், இல்லையென்றால் படுக்கப் போடுவார்கள். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபில் வந்துவிடும், அதை விட மோசம் கிடையாது. இரண்டு மூன்று சிலிண்டர்களை மேனிஃபோல்டில், அதாவது எல்லாவற்றின் கேஸையும் சேர்த்து அடுப்புக்குக் கொண்டுபோகும் பொதுக் குழாயில், இணைப்பதே வழி. அதை எண்ணெய் நிறுவன அங்கீகாரம் உள்ளவர்களிடம் கொடுங்கள், தெருமுனை வெல்டரிடம் அல்ல.

சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையைப் பாருங்கள். பி-27 என்று இருந்தால் 2027 ஏப்ரல்–ஜூனில் அதற்குச் சோதனைக் கெடு. ஏ முதல் டி வரை நான்கு காலாண்டுகள். கெடு தாண்டியதைத் திருப்பி அனுப்பலாம்.

காப்பீடும் உண்டு. பதிவு செய்த வாடிக்கையாளர்களுக்காக எண்ணெய் நிறுவனங்களே எடுத்து வைத்திருக்கின்றன, தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டாம். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; காப்பீட்டு நிறுவனத்திடம் கொண்டுபோவது அவர்கள் வேலை. ஆனால் சொத்துச் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவான முகவரிக்கு மட்டும்தான். வீட்டு முகவரியில் வாங்கிய சிலிண்டர் கடையில் வெடித்தால் கேட்க வழியில்லை. கடையை இடம் மாற்றியவர்களும் ஏஜென்சியில் முகவரியை மாற்றிவிட்டோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.