சிவப்புக் குண்டு சொல்லும் ஒரே சொல்

கொக்குவிலில் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சிஎன்சி மெசினில் மாட்டுற புரோப்பின் நுனியில் சிவப்பா ஒரு குண்டு இருக்கே, அது கமராவா? எப்பிடி மைக்கிரோன் கணக்கில அளக்குது?"

கமரா இல்லை. சிஎன்சி என்பது கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெசின். புரோப் என்பது துண்டைத் தொட்டுப் பார்க்க அதில் மாட்டும் கருவி. மைக்கிரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சிவப்புக் குண்டு செயற்கை மாணிக்கம்: அலுமினியம் ஒட்சைட்டில் துளி குரோமியம் சேர்ந்தது. ராசிக்கென்று மோதிரத்தில் பதிக்கும் கல்லும் இதே பொருள்தான். கிரகத்தை அது திருப்பும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இரும்பில் ஆயிரம் தடவை தொட்டும் லேசில் தேயாத அதன் கடினம் உண்மையானது.

உண்மையில் புரோப் எதையும் அளப்பதில்லை. "தொட்டுவிட்டேன்" என்று மட்டும் சொல்லும். தன் நகரும் அச்சுகள் எங்கே நிற்கின்றன என்பது மெசினுக்கு எந்நேரமும் தெரியும். சைகை வந்த கணத்தில் அந்த எண்களைப் பிடித்துக்கொள்ளும். பல மெசின்களில் ஜி31 என்ற நிரல் கட்டளை செய்வது இதைத்தான். குண்டின் ஆரையையும் கணக்கில் எடுத்தால் மேற்பரப்பு இருக்கும் இடம் கிடைத்துவிடும்.

சரி, தொட்ட பிறகு? குண்டைத் தாங்கும் ஊசி வளைந்து கொடுக்காவிட்டால் உடையும். வளைந்தால், பழைய இடத்துக்கே மைக்கிரோன் பிசகாமல் திரும்ப வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இருக்கிறது.

நாலுகால் வாங்கு மேடுபள்ளத்தில் தளம்பும், முக்காலி தளம்பாது. ஊசியின் தலையிலும் மூன்று சிறு தண்டுகள் மூன்று பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் புரோப்பின் உள்ளே அருகருகே உள்ள இரண்டு சிறு குண்டுகளின் இடைப் பள்ளத்தில் உட்காருகிறது. ஆக, தொடும் இடங்கள் ஆறு. ஒரு பொருள் அசையக்கூடிய வழிகளும் ஆறுதான்: நகர்வு மூன்று, சுழற்சி மூன்று. ஒரு பிடிகூட அதிகமில்லை, ஒன்றும் குறைவில்லை. மேலிருந்து சுருள்வில் அழுத்த, எந்தப் பக்கம் தள்ளுப்பட்ட ஊசியும் சறுக்கிக்கொண்டு அதே பள்ளத்தில் வந்து விழும்.

அந்த ஆறு இடங்களே சுவிட்சும் ஆகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றினூடாக மின் ஓடுகிறது. ஒரு தண்டு எழும்பத் தொடங்கும்போதே தொடுபரப்பு சுருங்கி மின்தடை ஏறும். முழுதாகப் பிரியுமுன்பே சைகை போய்விடும். 1972இல் கொன்கோர்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான எரிபொருள் குழாய்களை அளக்க பொறியியலாளர் டேவிட் மக்மெர்ட்ரி கண்டுபிடித்தது இது.

மூன்று தண்டு என்பதால், தொடும் திசையைப் பொறுத்துச் சைகை சற்று முந்தும், பிந்தும். அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு என்பதால், அளவு தெரிந்த வளையமொன்றில் முதலில் தொட்டுப் பார்த்து அதைக் கழித்துவிடலாம்.

மெசின் வாங்கக் கடன் எடுப்பவர்கள் புரோப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களின் ஆய்வுப் பணத்தில் கொஞ்சம் நம் பட்டறைகளின் வெப்பத்தை அளக்கவும் போகட்டும். ஏனென்றால், அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 பாகை. நம் ஊர் 32 பாகையில் 300 மில்லிமீற்றர் அலுமினியத் துண்டு சுமார் 80 மைக்கிரோன் நீண்டுவிடும், ஒரு தலைமயிரின் தடிப்பு. ஆகவே, அண்ணை, வெட்டிய துண்டை ஆறவிட்டு அளவுங்கோ. மத்தியான வெயில் ஏறியதும் வளையத்தில் இன்னொருக்கால் தொட்டுப் பாருங்கோ.